ஒரு வரி பிந்தி வரும் குரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. யாங்கோனின் லான்மடாவில், வெற்றிலைக்காரருக்கும் பிளாஸ்டிக் வாளிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கடை அது. எழுதுகிறவர்களுக்குச் சீக்கிரம் கண் கெடும், எனக்கும் கெட்டது. புதுச் சில்லு போடச் சொல்லிப் பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எதிரில் இருக்கும் காலண்டரே கலங்கித் தெரிய, முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் பேசுவது கேட்டது. பேச்சு என்று சொல்ல முடியாது, பாட்டு என்றும் சொல்ல முடியாது. பின்னால் பெரிய தந்தி வாத்தியம் ஒன்று தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இன்னொருவன் சின்ன மேளத்தை விரலால் தட்டினான். தட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த இடத்தில் தட்டினான். வெள்ளைக்காரன் ஒரு வரி சொல்லி முடித்ததும் அதே வரியை ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது. அதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். பெண் குரல் அவன் பின்னாலேயே, ஒரு வரி பிந்தி, அவசரமே இல்லாமல் போயிற்று.

அன்று கண்ணாடி தயாரானபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

[வாசகருக்கு: ஐம்பதுகளில் அமெரிக்காவில் பீட்னிக் என்று ஒரு கூட்டம் இருந்தது. பகலிலும் கறுப்புக் கண்ணாடி, காப்பிக் கடை மாடி, கவிதையைப் பாடாமல் வாத்தியத்தோடு சொல்வது. இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தக் கதையில் வரும் இருவருக்கும் இதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.]

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'யாங்கோனில் மழை பெய்துகொண்டிருந்தது.' எப்போது பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

'இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த சபாபதி' — இல்லை. எங்கள் ஊர்த் தமிழனைக் கதையில் கொண்டுவந்தாலே கை தானாக ரயில் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறது. அவர் குடியிருப்பது இன்சீனில்தான், தொழில் வேறு.

'சபாபதி தன் வாழ்நாளில் மைக்கில் ஹலோவுக்கு மேல் பேசியதில்லை.' இது நிற்கும். இதை வைத்துக்கொள்கிறேன்.

சபாபதி மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். தீமிதி, காப்புக்கட்டு, கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்டுவார். ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங் என்பார். பிறகு பேசுவதெல்லாம் மற்றவர்கள். அவருடைய இடம் மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் மேடையில் இருக்கிற பெரியவர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சொடக்குப் போடுவார்கள். சொடக்குப் போட்டால் சத்தத்தைக் குறை என்று பொருள். பேச்சுக்காரருக்குப் போதும் என்று பொருள். சாமி புறப்படப் போகிறது, வாயை மூடச் சொல் என்று பொருள். சொடக்குக் கேட்ட மாத்திரத்தில் அவர் கை குமிழுக்குப் போய்விடும். அதை அவர் யோசித்துச் செய்வதில்லை, தும்மல் வருகிற மாதிரி அது.

(இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் ஏதோ வித்தை காட்டியதாக நீங்கள் நினைக்கக் கூடாது.)

3

இன்சீன் சந்தையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மரப்பெட்டியோடு வாங்கினார். பெட்டியின் அடியில் கேசட்டுகள் கிடந்தன. யாருடையவை என்று விற்றவருக்கும் தெரியவில்லை. போட்டுக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. இத்தனை வருஷம் பேசுகிறவர்களுக்கு மைக் பிடித்த மனிதர் அவர். ஊருக்காகப் பேசுகிறவனையும் தனக்காகப் பேசுகிறவனையும் குரலை வைத்தே பிரித்துவிடுவார். கேசட்டில் இருந்தவன் ஒரே ஒரு ஆளுக்காகப் பேசினான். அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு.

கேசட்டின் மேல் யாரோ கையால் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்து, முடியாமல், கண் மங்கிவிட்டதென்று முடிவுகட்டி லான்மடாவுக்கு வந்தார். கடைக்காரி ஃபஹீமா அவர் மூக்கில் அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"இப்ப?"

"இதுவும் அப்படித்தான்."

ஃபஹீமா சட்டத்தைக் கழற்றினார். கேசட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இது இங்கிலீசு. அதுவும் டாக்டர் கிறுக்குற மாதிரி கிறுக்கி வச்சிருக்கான்."

கன்னியாஸ்திரீகளிடம் இங்கிலீஷ் படித்தவர் ஃபஹீமா. கணவர் போன பிறகு கடையைத் தனியாகவே ஓட்டியவர். அன்று கேசட்டை உள்ளறையில் போட்டார்கள். முதல் வரிக்கு அர்த்தம் கேட்டார் சபாபதி. ஃபஹீமா சொன்னார். அதற்குள் இரண்டாவது வரி போய்விட்டது. அதைச் சொன்னார். அப்படியே தொடர்ந்து வருஷங்கள் போயின. சனிக்கிழமை மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்து ஃபஹீமா வந்ததும், இன்சீனிலிருந்து சுற்று ரயிலில் சபாபதி வந்து இறங்குவார். ரயில் ஓடாத நாளில் பஸ்ஸில் வருவார். இரண்டு பேர் தேநீர், உள்ளறைத் திரைச்சீலை முழுக்க ஒதுக்கப்பட்டு, தெருவில் போகிற யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்ற மாதிரி. தெருவும் பார்த்தது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவர்கள் நிழலில் நிறுத்திக் காதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வெள்ளைக்காரன் சொல்வது சபாபதிக்குப் புரியவே இல்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் பின்னால் வந்த குரல்தான்.

*அவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது முக்கியம். நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ இருந்திருந்தால் ஃபஹீமா அவரை அண்ணே என்றிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே கோ சபா என்றார். பர்மியப் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கோ என்பார்கள், கட்டின புருஷனையும் கோ என்பார்கள். சபாபதி, அதே மாதிரி எந்தப் பெண்ணுக்கும் பொருந்துகிற மா சேர்த்து, மா ஃபஹீமா என்றார். இந்த ஊர் அவர்களுக்கு அந்த மட்டும் ஒதுங்க இடம் கொடுத்தது.

4

ஃபஹீமாவை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் படியில் அவரை அழகாக்கினேன். இரண்டாவதில் சோகமாக்கினேன். மூன்றாவது படியை எழுதும்போது என் கண்ணாடியின் காது வளைவு கழன்றது. முன்னொரு தடவை அதை அவர் திருகிக் கொடுத்தபோது திட்டியது நினைவுக்கு வந்தது. "கழட்டுறப்ப ரெண்டு கையாலயும் கழட்டணும்னு எத்தன வாட்டி சொல்றது. படிச்சவங்கதான் இப்பிடிப் பண்றீங்க." அதனால் அழகையும் சோகத்தையும் எடுத்துவிட்டேன். திட்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டுகளில் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு கவிதை முடிந்ததும் ஒரு பொரபொரப்பு கேட்கும். காய்ந்த இலை மேல் நடக்கிற மாதிரி. டேப் கோளாறு என்று சபாபதி சொன்னார். ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து டெக்கின் தலையைத் துடைப்பார். மறுவாரம் பொரபொரப்பு அதே இடத்தில் வரும். மறுபடியும் துடைப்பார். தன் தொழிலுக்கு அடங்காத அந்தச் சத்தத்தின் மேல் அவருக்கு ஒரு மானப் பிரச்சினையே உண்டாகிவிட்டது.

"மழையா இருக்கும், விடுங்களேன்" என்பார் ஃபஹீமா.

"கவித முடியிறப்பப் பாத்து எங்கயாச்சும் மழ பேயுமா, மா ஃபஹீமா?"

"அந்த ஊருல பேயும் போல."

சொடக்கை அவ்வளவு நன்றாகத் தெரிந்த மனிதர், அந்தப் பொரபொரப்பில் இருந்த, ஒரு கூட்டமே சேர்ந்து போட்ட சொடக்கைக் கண்டுகொள்ளவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை சொடக்கு என்பது ஒருத்தர் போடுவது, மேலேயிருந்து கீழே. கீழே உட்கார்ந்திருக்கிற இத்தனை பேர் சேர்ந்து, சந்தோஷத்தில் சொடக்குப் போடுவார்கள் என்று யார் சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

5

ஒரு சனிக்கிழமை ஃபஹீமா ஒரு வரியை விட்டுவிட்டார். வெள்ளைக்காரன் சொன்னான், பின்னால் குரல் வரவில்லை. அடுத்த வரியும் போயிற்று. சபாபதி காத்திருந்தார்.

"மவன் பினாங்குக்கு வந்துரச் சொல்றான்" என்றார் ஃபஹீமா. "கடையக் கை மாத்திட்டு வாங்கங்குறான். சரின்னுட்டேன்."

சபாபதி கேசட்டை நிறுத்தினார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று துடைக்க ஒன்றும் இல்லை.

"எல்லாரும் போறாங்க" என்றார்.

"ஆமா. இருந்து என்னத்தப் பாக்குறது? மீ வர்றது பாதி நாளு, மிச்ச நாளு இருட்டு. ஆளு கொறஞ்சுபோச்சு. சின்னஞ்சிறுசுக எல்லாம் எல்ல தாண்டுது." தேநீர்க் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்: "கோ சபா, இத்தன நாளும் நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். அவன் சொன்னத நான் சொன்னேன். நீங்க சொந்தமா ஒண்ணு சொல்லி நான் கேட்டதே இல்ல."

"எனக்கு என்ன தெரியும்? நான் மைக்கு கட்டுறவன்."

"அதுதான் சொல்றேன்."

இங்கே நான் ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். ரயிலில் திரும்பும் சபாபதியின் மனசைப் பற்றியது. நீளமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் ஒரே வரிதான்: போகாதீர்கள் என்று சொல்ல அவருக்கு ஆசை, சொல்ல நான் யார் என்ற கேள்வி. ஏங்கினார். அதைச் சுற்றி வளைத்துச் சொல்லுவானேன்?

6

ஃபஹீமாவின் தங்கை மகள் சைதா. தமிழ் புரியும், பேச வந்தால் பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள். அவளும் அவள் கூட்டாளிகளும் ஞாயிறு மத்தியானங்களில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் கூடுவார்கள். கவிதை சொல்வார்கள், பின்னால் ஒருவன் பேஸ் கிட்டார் வாசிப்பான், ஒருத்தி மூங்கில் தாளக்கட்டை தட்டுவாள். பெரியம்மா கடையில் கேட்ட கேசட்டுகள்தான் அவளுக்கு இந்தப் பைத்தியத்தைக் கொடுத்தன. மைக் செட் மட்டும் சபாபதி அங்கிளுடையது. ஃபஹீமா புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, அங்கிளும் ஒன்று சொல்வார் என்று சைதா அறிவித்துவிட்டாள்.

நானும் போயிருந்தேன். இது கற்பனை இல்லை. கடைசி வரிசையில், படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மின்சாரம் இல்லாத நேரம். கீழே தெருவில் ஜெனரேட்டர் முழங்கிக்கொண்டிருந்தது. சபாபதி வயரை இழுத்து அதில் மாட்டக் கீழே போயிருந்தபோது சைதா எல்லாருக்கும் பர்மியத்தில் சொன்னாள்: கை தட்ட வேண்டாம். ஜெனரேட்டர் சத்தம் எல்லாத் தெருவிலும் உண்டு, கைதட்டல் அப்படி இல்லை. ஒரு மாடியில் இத்தனை பேர் கூடியிருப்பது ராணுவம் ஆளுகிற இந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் பிடித்தால் சொடக்குப் போடுங்கள். அந்தக் காலத்து பீட்னிக்குகளும் அப்படித்தான் செய்தார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து.

முன் வரிசையில் இருந்த ஃபஹீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்து இலைச் சத்தமும் மழையும் என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முடிந்ததும் சபாபதியிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு ஸ்பிரிட் வீணாயிற்று என்று சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். (நினைத்திருப்பார் என்பது என் சரக்கு. சிரித்தது நான் பார்த்தது.)

சபாபதி மேலே வந்தார். சைதா சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தன் கைக்கு எட்டும்படி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டார். அதை அவர் யாரையும் தொட விடுவதில்லை.

"யாதே, சரி அங்கிள், ஆரம்பிக்கலாம்" என்றாள் சைதா.

பேஸ் கிட்டார் நடக்கத் தொடங்கியது. மூங்கில் கட்டை ஓர் இடம் தள்ளி விழுந்தது. சபாபதி மைக்கைப் பிடித்தார்.

ஹலோ. ஹலோ.
மைக் டெஸ்டிங்.
இது பந்தலுக்கு இல்ல. சாமி பொறப்பாட்டுக்கு இல்ல.
பொண்ணு மாப்பிள்ளைக்கு இல்ல.
காணாமப் போன புள்ளைய அறிவிக்கிறதுக்கு இல்ல.
ஹலோ, கேக்குதா?
செருப்புக்குப் பக்கத்துல நிக்கிறவுகளுக்குக் கேக்குதா?
ஊருக்கெல்லாம் கேக்க வச்சவன் பேசுறேன்.
எனக்கு எல்லாமே ஒரு வரி பிந்தித்தான் கேட்டுச்சு,
கண்ணாடிக் கடையில.
சில்லு மாத்தி மாத்திப் போட்டாக,
எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு,
போட்டவுக மட்டும் தெளிவாத் தெரிஞ்சாக.
ஹலோ,
கப்பலு ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு —

*விமானம்தான். கப்பல் என்றது அவர்.

இங்கே நிறுத்தினார். கேசட்டில் அந்த வெள்ளைக்காரன் கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவான், அதே போல. பிள்ளைகள் முடிந்துவிட்டதென்று நினைத்தார்கள். மாடி முழுக்கச் சொடக்கு எழுந்தது.

சபாபதியின் கை குமிழுக்குப் போயிற்று.

அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்துக்குக் கை செய்தது தெரியாது. உதடு கடைசி வரியைச் சொன்னது. ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. ஜெனரேட்டர் அந்த வரியை அப்படியே விழுங்கிற்று. முன்வரிசையில் ஃபஹீமா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சபாபதி குனிந்து தன் கையைப் பார்த்தார்.

நான் எழுந்து படியிறங்கிவிட்டேன். சில நேரங்களில் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டிருப்பது தப்பு.

7

ஆகவே எனக்கு முடிவு தெரியாது. கண்ணாடிக் கடையின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. கை மாறுகிற கடையும் இறக்கி வைக்கும், வீட்டுக்காரி கருவாட்டுக் குழம்பு வைக்கப் போன கடையும் இறக்கி வைக்கும். வெற்றிலைக்காரரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நான் கேட்காமல் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

ஃபஹீமாவின் முறைப்படி சில்லுகளை மாற்றிப் போடுகிறேன். இது தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

முதல் சில்லு. அந்தக் கணத்தில் மின்சாரம் வந்துவிடுகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி தெரு முழுக்க 'மீ லா பீ', கரண்டு வந்தாச்சு, என்று கத்துகிறது. ஜெனரேட்டரை அணைக்கிறார்கள், அமைதியில் சபாபதியின் வரி கேட்கிறது, தெருவே அவருக்காகக் கத்தின மாதிரி ஆகிவிடுகிறது. இதை எழுதிவிட்டு நானே வெட்கப்பட்டேன். மின்சார வாரியம் அவ்வளவு நல்ல மனசுள்ளது அல்ல.

இது எப்படி? சபாபதி வயரைச் சுருட்டுகிறார். ஃபஹீமா பினாங்கு போகிறார். எப்போதாவது வீடியோவில் வருகிறார். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீங்க?" நெட் சரியில்லாமல் அவர் குரல் பிந்தி வருகிறது. சபாபதிக்கு அது பழக்கம்தான். இது நடக்கக்கூடியது. நிறையப் பேருக்கு நடந்துகொண்டிருப்பது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பதையே எழுதுவதற்கு நான் எதற்கு?

மூன்றாவது சில்லு.

பிள்ளைகளின் சொடக்கு தானாக அடங்குகிறது. சபாபதி ஸ்டூல் பக்கத்தில் நிற்கிறார். குமிழைத் திருப்பி ஏற்ற அவருக்குக் கை வரவில்லை. போதும் என்று சொல்லிவிட்டார்களே, அதற்கு மேல் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஃபஹீமா எழுந்து வருகிறார். யாரும் தொடக்கூடாத ஆம்ப்ளிஃபயரின் குமிழில் விரல் வைக்கிறார்.

"இப்ப?" என்கிறார், கொஞ்சம் திருப்பி.

"மா ஃபஹீமா, அவுக போதும்னுட்டாக."

"அது போதும்னு இல்ல. அது கை தட்டு. நீங்க ஸ்பிரிட் போட்டுத் தொடச்சீங்களே, அதான் இது." இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

சபாபதிக்கு அந்தப் பொரபொரப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்கிறது. அத்தனை வருஷத்து மத்தியானங்களிலும், யாரோ ஒருத்தன் ஒரே ஒரு ஆளுக்காகச் சொன்னதைக் கேட்டு, யார் யாரோ சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அதைத்தான் அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம்" என்கிறார்.

ஃபஹீமா ஏற்றுகிறார். ஸ்பீக்கர் மெல்ல உறுமுகிறது. அவர் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை, அங்கேயே நிற்கிறார். சபாபதி மைக்கைப் பிடித்து, மைக்கைப் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சொல்கிறார்.

"போகாதீங்க."

மாடியில் யாரும் சொடக்குப் போடவில்லை. பேஸ் கிட்டார்க்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். சபாபதி காத்திருக்கிறார். காத்திருப்பது அவருக்குத் தெரியும். ஒரு வரி போனால் அதன் பின்னால் ஒரு குரல் வரும், வருஷக் கணக்காக வந்திருக்கிறது, பிந்தினாலும் வந்திருக்கிறது. விட்டுப்போனது ஒரே ஒரு சனிக்கிழமைதான்.

அந்த வரியை எழுத எனக்கு உரிமை இல்லை. ஃபஹீமா உங்களுக்கு இப்போது என்னளவுக்குத் தெரியும். ஒரு வரிக்கு இடம் விட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

ஃபஹீமா மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி, முக்காட்டு நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து,